மாறிப்போன மூடி

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு என்றால்தான் தெரியும். எதைக் கையில் கொடுத்தாலும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். டீக்குச் சர்க்கரை போடும்போதுகூட ஸ்பூனை ஒரு விநாடி காற்றில் நிறுத்துவார். "என்ன அண்ணே, எத்தனை கிராம்?" என்று வம்புக்கு இழுத்தால், "நாலு. உங்களுக்கு ரெண்டு போதும் மேடம், கோபக்காரங்களுக்குச் சர்க்கரை ஆகாது" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் கட்டடத்து லிஃப்டுக்குக்கூடத் தெரியும்.

நான் அங்கே நோயியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது என் வேலை இல்லை. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த துண்டு கண்ணாடித் தகட்டில் வரும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தத் துண்டை வாங்கி, எடை போட்டு, அறுத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவித் தகட்டில் ஒட்டி என் மேசைக்குக் கொண்டுவருகிறவர் தராசு. இருபத்தேழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு எண்கூட மாறவில்லை என்பதற்காக அவருக்குப் பாராட்டுப் பத்திரம் ஒன்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருந்தோம்.

நஞ்சுக்கொடி என்றால் அவருக்குத் தனி மரியாதை. மற்றவர்கள் அந்த வாளியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை தேடுவார்கள். இவர் மட்டும் அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துத் தட்டில் பரப்புவார். "பத்து மாசம் லீவே எடுக்காம உழைச்சிருக்கு மேடம். கடைசியா ஒரு தடவை ஒழுங்கா பாத்து அனுப்ப வேண்டாமா?" என்பார்.

எல்லாப் பிரசவத்து நஞ்சுக்கொடியும் எங்களிடம் வராது. குழந்தை எடை குறைவாகப் பிறந்திருந்தாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை இறந்து பிறந்தாலோதான் வரும். வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி, மூடி அனுப்புவார்கள். தாயின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டை மூடியின்மேல் ஒட்டிவிடுவார்கள். வாளியின் பக்கமெல்லாம் ஈரம், சீட்டு நிற்காது என்பது வார்டுக்காரர்கள் சொல்லும் காரணம். ஆனால் மூடி கழன்றுவிட்டால் அந்த வாளி யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால் வாளி வந்ததும், மூடியைத் தொடுவதற்கு முன்பே, அழியாத மையால் வாளியின் உடம்பில் எண்ணை எழுத வேண்டும். இந்த விதியை உண்டாக்கியவரே தராசுதான். "முதலில் உடம்பு, பிறகு மூடி" என்று கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார்.

வீட்டில் மனைவி. ஒரே மகன், பிறவியிலேயே காது கேளாதவன், அச்சகத்தில் வேலை, அப்போதுதான் கல்யாணமாகி ஒரு வருடம். தினமும் பதினொரு மணிக்கு மகன் வீடியோவில் கூப்பிடுவான். தராசு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, போனை மெழுகுப்பெட்டியின்மேல் சாய்த்து நிறுத்தி, இரண்டு கையாலும் பேசுவார். வாயால் அளந்து பேசுகிற மனுஷன், கையால் பேசும்போது சரியான வாயாடி.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு வாளிகள் சேர்ந்து வந்தன. நாற்பத்தாறாம் எண், பிரசவ நேரத்தில் காய்ச்சல் வந்த ஒரு தாயுடையது. அவள் குழந்தை மூன்று கிலோ இருநூறு, கொழுகொழு என்று இருந்ததாம். நாற்பத்தேழாம் எண் ஒரு தையல்காரப் பெண்ணுடையது. அவள் குழந்தை ஒரு கிலோ தொள்ளாயிரம்தான். மாதம் நிறைந்தும் ஏன் வளரவில்லை என்று தெரியாமல் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு வாளியிலும் ஃபார்மலின் பாதிகூட இல்லை. வார்டில் எப்போதும் இந்தக் கஞ்சத்தனம் உண்டு. மை பேனா மேசையில் இல்லை. ஊற்றிவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று தராசு இரண்டு மூடியையும் கழற்றினார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. மணி பத்தே கால். நேரம் தப்பிப் பிள்ளை கூப்பிட்டால் எந்த அப்பனுக்குப் பதறாது? மூடிகளை அப்படியே வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். மகன் ஒரு சின்னப் பட்டையைக் கேமராவுக்கு நேரே நீட்டினான். அதில் இரண்டு கோடு. பிறகு பட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் சொன்னான், அப்பா ஆகப்போகிறேன் என்று. தராசு அழுதாராம். ஃபார்மலினில் கண் எரிவது எங்களுக்குச் சகஜம் என்பதால் அறையில் யாரும் கவனிக்கவில்லை. பேசி முடித்து, ஊற்றி முடித்து, மூடி போட்டு, பேனாவைத் தேடி எடுத்து, மூடியைப் பார்த்து வாளியில் எண் எழுதினார். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. நான் அன்று அறை வாசலில் நின்று, "கொண்டாட்டம் போதும், தகடு எங்கே?" என்று கத்திவிட்டுப் போனேன். தாத்தா ஆகப்போகிறவருக்கு நான் சொன்ன வாழ்த்து அதுதான்.

ஆறாம் நாள் தகடுகள் என் மேசைக்கு வந்தன. நாற்பத்தாறைக் கண்ணில் வைத்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் செடியின் வேர்மயிர் போல ஆயிரக்கணக்கான மெல்லிய விரல்கள் நிற்கும். தாயின் ரத்தத்தில் நனைந்து, சத்தை எடுத்துக் குழந்தைக்கு அனுப்புகிறவை அவைதான். அதே நேரம் கிருமியை உள்ளே விடாமல் காவலும் காக்கும். சில வைரஸ்களுக்கு அந்தக் காவல் செல்லாது. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலாக வந்து போகிற ஒரு சாதாரண வைரஸ், அந்த விரல்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். விரல்கள் வீங்கும், புண்ணாகும், தழும்பாகிச் சுருங்கும். சத்து போவது குறையும், குழந்தை வளராது. அதோடு விடாமல் வைரஸ் கொடி வழியாகக் குழந்தைக்குள்ளும் போகலாம். போனால் அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று காது.

அந்தத் தகட்டில் விரல்கள் அப்படித்தான் சுருங்கிக் கிடந்தன. நடுநடுவே பெரிதாக வீங்கிய செல்கள், உள்ளே கறுப்பு மணி, சுற்றி வெள்ளை வளையம். ஆந்தைக் கண் என்போம். அது இருந்தால் அந்த வைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். நாற்பத்தேழில் ஒன்றுமில்லை, பாடப்புத்தகத்தில் போடலாம் போல அத்தனை சுத்தம்.

எடைக் குறிப்பையும் பார்த்தேன். தராசின் கையெழுத்தில் நாற்பத்தாறுக்கு முந்நூற்றுப் பத்து கிராம் என்று இருந்தது. மூன்று கிலோ இருநூறு எடையுள்ள குழந்தைக்கு முந்நூறு கிராம் நஞ்சுக்கொடியா? ஐந்நூறாவது இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வி என் மனதில் வந்தது. வரவில்லை என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போலத்தான். தராசு எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆந்தைக் கண்ணைக் கண்டுபிடித்த பெருமை வேறு கண்ணை மறைத்தது. இரண்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டேன்.

பதினாலாம் நாள் குழந்தைகள் பிரிவு மருத்துவர் போன் செய்தார்.

"மேடம், உங்க நாற்பத்தாறு ஒத்து வரலையே. குழந்தையோட சிறுநீரை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டோம், வைரஸே இல்ல. குழந்தை கல்லு மாதிரி இருக்கு. அந்தம்மாதான் ஒரு வாரமா தூங்காம அழுதுட்டு இருக்காங்க."

"என் கண்ணுல ஆந்தை தெரிஞ்சா அது ஆந்தைதான் டாக்டர். கொடியில இருந்தா குழந்தைக்குக் கண்டிப்பா போயிருக்கணும்னு சட்டமா? உங்க டெஸ்டைப் பாருங்க, என் ஸ்லைடைப் பாக்காதீங்க!" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் தராசு. கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. லீவு போட்டு நான் பார்த்ததில்லை. அதற்கடுத்த நாள்களில் வந்தார், வேலை செய்தார், டீயில் சர்க்கரையே போட்டுக்கொள்ளவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் எடைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தார்.

"எடை பொருந்தல மேடம்."

"எது?"

"நாற்பத்தாறும் நாற்பத்தேழும். மூடி மாறியிருக்கு. மாத்தினது நான்."

தையல்காரப் பெண்ணின் பிரசவக் குறிப்பில், தொப்புள்கொடி நூலாக மெலிந்து அதில் ஒரு முடிச்சு இருந்தது என்று எழுதியிருந்ததை வார்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். முடிச்சுள்ள கொடி எங்கள் அலமாரியில் நாற்பத்தாறு என்று எழுதிய வாளியில் கிடந்தது. போனில் நான் கத்திய அன்றே அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. அன்றே குறிப்பைப் படித்து, வாளியைத் திறந்து முடிச்சையும் பார்த்துவிட்டார். அப்படியும் நாலு நாள்.

"தப்பு பண்ணதுகூட இல்ல மேடம். தெரிஞ்சதுக்கு அப்புறம் நாலு நாள் சாப்பிட்டேன், குளிச்சேன், பஸ் ஏறி வந்தேன். அதை நெனைச்சாத்தான் கூசுது" என்றார்.

நான் நியாயமாக அந்தக் குழந்தையை நினைத்திருக்க வேண்டும். முதலில் நினைவுக்கு வந்தது என் கையெழுத்து. இரண்டு காகிதத்திலும் தெளிவாக, அழகாக, வால் இழுத்துப் போட்ட கையெழுத்து. குழந்தை மருத்துவரிடம் கத்தியதும் காதில் ஒலித்தது.

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணே," என்றேன். "திருத்தின ரிப்போர்ட் ரெண்டு எழுதி ஆபீஸ் வழியா அனுப்பிடுவோம். சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"ஆபீஸ் வழியா போனா எத்தனை நாள்?"

"அஞ்சாறு நாள் ஆகும்."

"யானை சறுக்கினா யானைக்குத்தான் மேடம் அடி. இதுல குழந்தைக்கு விழுது. இன்னைக்கு அதுக்குப் பதினெட்டாவது நாள்."

அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. அந்த வைரஸைக் குழந்தையின் சிறுநீரில் இருபத்தொரு நாளுக்குள் கண்டுபிடித்தால்தான், வயிற்றிலேயே வந்தது என்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு கண்டுபிடித்தால், பிறந்த பின் வந்ததாகவும் இருக்கலாம், யாரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார்கள். வயிற்றில் வந்தது என்று உறுதியானால், முதல் மாதத்துக்குள் மருந்து தொடங்கலாம். இருக்கிற கேட்கும் திறனைக் காப்பாற்ற அதுதான் நல்ல நேரம். மூன்று நாள் மிச்சம் இருந்தது. நான் அந்த மூன்று நாளை ஆபீஸ் கோப்புக்குத் தரப் பார்த்தேன்.

குழந்தை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "உடனே கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். தையல்காரப் பெண்ணின் படிவத்தில் இருந்தது கணவனின் போன் எண். அவன் லாரி எடுத்துக்கொண்டு எங்கோ வெளியூரில் இருந்தான், போன் அணைந்து கிடந்தது. வார்டுப் பதிவேட்டிலிருந்து வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டு என் காரிலேயே கிளம்பினோம்.

காரில் தராசு மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"என் பையனுக்கு ரெண்டு வயசு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது மேடம். ஒரு நாள் பின்னாடி தட்டு விழுந்துச்சு. வீடே அதிர்ந்துச்சு, அவன் திரும்பல. டாக்டர் பாத்துட்டுப் பிறவியிலேயேன்னு சொன்னாரு. ஏன்னு கேட்டா, சொல்ல முடியாது, எத்தனையோ காரணம் இருக்கலாம்னாரு. என் வீட்டுக்காரி அஞ்சாம் மாசம் காய்ச்சலோட கிடந்தா. எங்கிட்டச் சொல்லாம கஷாயம் குடிச்சுச் சரி பண்ணிக்கிட்டா. அதை நெனைச்சு அன்னைக்கு வீட்டுக்கு வந்து, எங்கம்மா, என் தங்கச்சி எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். சுமக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் குழந்தைன்னு."

நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

"அப்புறம் அதைத் திருப்பிச் சொன்னதே இல்ல. ஆனா வாபஸும் வாங்கல. முப்பது வருஷம் ஆச்சு. கையால பேசறதை அவதான் முதல்ல கத்துக்கிட்டா. பள்ளிக்கூடத்துல பையனோட கடைசி பெஞ்சில உக்காந்து கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லிக்குடுத்தா. நான் கத்துக்கிட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கல."

வீடு இரண்டே அறை. முன்னறையில் தையல் மிஷினைப் பழைய போர்வையால் முழுக்க மூடி, மேலே குழந்தைத் துணிகளை அடுக்கியிருந்தார்கள். மூத்த பையனுக்கு இரண்டு வயது இருக்கும், ஒரு ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். தையல்காரப் பெண் சுவரோரமாகக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை ஒரு கை அகலத்துக்கு இருந்தது. பேசியதெல்லாம் அவள் நாத்தனார்.

"ஆஸ்பத்திரில இருந்தா? ரிப்போர்ட்தான் வந்துடுச்சே. கொடி நல்லாத்தான் இருந்திருக்கு, ஒரு குறையும் இல்லன்னு போட்டிருக்கு. எட்டாம் மாசம் வரைக்கும் மிஷினை மிதிச்சு மிதிச்சுப் பிள்ளையை வாட விட்டவ இவதான்!"

சொன்னதோடு நிற்காமல் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். என் அறிக்கை. ஓரமெல்லாம் மடிந்து, பலர் கை பட்டு அழுக்காகியிருந்தது. வந்து போன உறவுக்காரர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள் என்று புரிந்தது. ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே கூண்டில் ஏற்ற என் கையெழுத்து சாட்சி சொல்லியிருந்தது.

நான் மருத்துவர் பேச்சைப் பேசினேன். "இது சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் சிறுநீர்லயும் இருக்கற சாதாரண வைரஸ்மா. கர்ப்பத்துல முதல் தடவையா வந்தா, கொடிக்குள்ள புகுந்துடும். அதனாலதான் பாப்பா வளரல. இன்னைக்கே கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணணும்."

"பாத்தியா!" என்றாள் நாத்தனார். "மூத்தவன் எச்சில் பண்ணி வெச்சதை வழிச்சு வழிச்சுத் தின்னா. நான் அப்பவே சொன்னேன்!"

பழியை ஒரு பக்கம் இறக்கினால் மறு பக்கம் ஏற்றிவிடுகிறாள். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? தராசுதான் பேசினார். தரையில் தையல்காரப் பெண்ணுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை மிச்சம் வெச்சதைச் சாப்பிடாத அம்மா எந்த வீட்லம்மா இருக்காங்க? அப்படி ஒரு வைரஸ் இருக்குன்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமா? இவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" நாத்தனாரிடம் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அந்தப் பேப்பர்ல இருக்கறது உங்க கொடியே இல்லம்மா. வேற ஒருத்தங்களோடது. ரெண்டு வாளியோட மூடியை மாத்திப் போட்டுட்டேன். அது எனக்கு நாலு நாள் முன்னாடியே தெரியும். பயந்துட்டு இன்னைக்குத்தான் வரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சாம் மாசம் மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சு. மாத்திரை போட்டுட்டு மிஷின்ல உக்காந்தேன். அதனாலயா சார்?"

"இல்லம்மா. மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நான் பட்டினி போடலையா?"

"நீங்க அனுப்பினீங்கம்மா. வழியில அடைச்சுக்கிச்சு. நான் கையில எடுத்துப் பாத்தவன், சொல்றேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பதினெட்டு நாளா பால் குடுக்கும்போதெல்லாம் இதுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன்," என்றாள். "நாலு நாளு... நாலு நாளு உங்களுக்குத் தெரியும்." எழுந்து குழந்தையைத் துணியில் சுற்றினாள். நாத்தனார் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

'கையெழுத்துப் போட்டவள் நான், எடை பொருந்தாததைப் பார்த்தும் போட்டேன்' என்று அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

சிறுநீரில் வைரஸ் இருந்தது. வலது காது ஏறக்குறையக் கேட்கவில்லை, இடது காது கேட்டது. அந்த வாரமே மருந்து தொடங்கினார்கள், ஆறு மாதம் கொடுக்க வேண்டும். இடது காதைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார் குழந்தை மருத்துவர். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் வலது காது தப்பியிருக்குமா என்று தராசு கேட்டார். இருக்காது என்று அவர் சொன்னார். தராசு அதை நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்.

தன்மேல் தானே புகார் எழுதிக் கொடுத்தார் தராசு. மேலிடத்திலிருந்து அவருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. எனக்கு, "இனிமே பாத்துக்குங்க டாக்டர்" என்று வாய்வார்த்தையாக ஒரு அறிவுரை, கூடவே டீ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கடையிலிருந்து வந்து, பிரிக்காமலேயே பீரோவுக்குப் பின்னால் போனது.

பத்து நாள் கழித்து, மதியம், என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"மேடம், லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதித் தரணும். என் வீட்டுக்காரிக்கு."

"என்னன்னு?"

"என் பையனுக்குக் காது கேக்காததுக்கு அவ காரணம் இல்லன்னு."

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே? கொடியைப் பாக்காம எப்படி எழுதறது? முப்பது வருஷம் முன்னாடி அது குப்பையோட போயிருக்கும். என்ன காரணம்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"காரணம் எழுத வேண்டாம். யாருக்கும் தெரியாதுங்கறதை எழுதுங்க. தெரியாம சொன்னேன்னு இருக்கட்டும்." மேசையில் இருந்த லெட்டர்ஹெட்டை என் பக்கம் நகர்த்தினார். "மருமக வந்திருக்கா வீட்டுக்கு. நேத்து சமையல்கட்டுல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு என் பொண்டாட்டி சொல்றா, உனக்குக் காய்ச்சல் கீச்சல் வந்தா மாமாகிட்டச் சொல்லாத, என்கிட்ட மட்டும் சொல்லுன்னு. நான் வாசப்படியில நிக்கறேன் மேடம்."

எழுதினேன். 'இக்குழந்தை செவித்திறன் இன்றிப் பிறந்ததற்குத் தாய் காரணம் என்று கூற எந்த ஆதாரமும் இல்லை.' கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவர் அதை உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் என்ன ஆயிற்று என்று நானே போய்க் கேட்டேன். அறுக்கும் மேசையில் புதிய வாளி ஒன்றில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. மடிச்சு என்கிட்டயே குடுத்துட்டா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா." பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வாயால சொன்னீங்க. இன்னைக்கு டாக்டர்கிட்டப் போய்ப் பேப்பர் வாங்கிட்டு வரீங்களே, உங்க வாய்க்கு என்ன ஆச்சுன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உடனே வாயே வரல மேடம். அப்புறம் பையனைக் கூப்பிட்டேன், மருமகளைக் கூப்பிட்டேன். உக்கார வெச்சேன். வாயாலயும் சொன்னேன், அவனுக்குப் புரியணும்னு கையாலயும் சொன்னேன். அன்னைக்கு என்ன சொன்னேன்னும் சொன்னேன். பையனுக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்துல அவ அவன்கிட்டச் சொல்லவே இல்ல." கையுறையை மாட்டிக்கொண்டார். "மன்னிச்சாளான்னு கேக்காதீங்க. அவன் என்கிட்ட இன்னும் பேசல. இன்னைக்குப் பதினொரு மணிக்குப் போன் வரல."

என் அறைக்குத் திரும்பி வந்தேன். நாற்பத்தாறாம் எண் தாய்க்குத் திருத்திய அறிக்கையை ஆபீஸ் வழியாக அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. 'எழுத்துப்பிழை காரணமாக' என்று ஒரு வரி போட்டிருந்தேன். கல்லு மாதிரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் அழுதவள் அவள். என் குரலை அவள் கேட்டதே இல்லை. தையல்காரப் பெண்ணின் போன் எண்ணும் என்னிடம் இருந்தது, அவளிடமும் நான் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

முதலில் நாற்பத்தாறின் படிவத்தைத் தேடி எடுத்தேன். எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போட்டேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"உங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட டாக்டர் பேசறேம்மா," என்றேன். "அது எழுத்துப்பிழை இல்ல."